குறிப்பு எண்: விருப்பமிருந்தால்

ஜஹ்ரா என்ன வேலை பார்க்கிறாள் என்பது காயல்பட்டினத்தில் அவளைத் தவிர ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏதோ எழுதுகிறாள் என்ற அளவுக்குத் தெருவுக்குத் தெரியும். கத்தாரில் இருக்கும் அவள் கணவன் அஃப்ஸல் தன் கூட்டாளிகளிடம், "எம் பொஞ்சாதி புஸ்தகம் எழுதுறா, ஒருத்தரும் முழுசாப் படிக்க மாட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பானாம். அவளைப் பெற்ற உம்மா ஹாஜரா பீவியிடம் கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், "மிஷினுக்குக் கடுதாசி எழுதுறா" என்று ஒரே போடாகப் போட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

அவள் எழுதுவது மிஷினுக்கு இல்லை, மனுஷருக்குத்தான். தூத்துக்குடியில் 'கரைவழி' என்று ஒரு சின்னக் கம்பெனி இருக்கிறது. இறாலும் கணவாயும் ஏற்றுமதி செய்கிறவர்கள் குளிர்பதனக் கண்டெய்னர்களைப் பதிவு செய்வதற்கான மென்பொருளை அது கிளவுடில் வைத்து நடத்துகிறது. அதாவது, யாரும் தங்கள் கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இணையம் இருந்தால் போதும். ஏற்றுமதிக்காரரின் கம்ப்யூட்டர் நேரே வந்து இந்த மென்பொருளோடு பேசுவதற்கு ஒரு வாசல் உண்டு, அதற்கு ஏபிஐ என்று பேர். அந்த வாசலில் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்க வேண்டும், என்ன பதில் வரும் என்று பக்கம் பக்கமாக எழுதி வைப்பதுதான் டாகுமெண்டேஷன். அதைப் பார்த்துத்தான் வெளியிலுள்ள புரோகிராமர்கள் தங்கள் புரோகிராமை எழுதுவார்கள். பக்கம் குழப்பினால் புரோகிராம் குழம்பும். புரோகிராம் குழம்பினால் துறைமுகத்து ரோட்டில் லாரி குழம்பி நிற்கும். ஜஹ்ராவின் வேலை அந்தப் பக்கங்களைப் புரியும்படி திருத்துவது.

இந்த வேலைக்கென்று அவள் சேரவில்லை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், கல்லூரியில் படித்த கம்ப்யூட்டர் படிப்பு துருப்பிடித்துக் கிடக்கிறதே என்று, வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் எழுதும் வேலைக்குத்தான் வந்தாள். வாரத்தில் சில நாள் பஸ் பிடித்து ஆத்தூர், பழையகாயல், முத்தையாபுரம் வழியாக ஆபீசுக்குப் போவாள். மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. காயல்பட்டினத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஆகையால் அது அவள் வீடு, அவள் மாடி, அவள் மேசை. வேலைக்குப் போகலாமா கூடாதா என்று மாமியாரிடம் மல்லுக்கட்டும் சங்கடம் அவளுக்கு இல்லாமல் போயிற்று.

பதில் எழுத உட்கார்ந்தால், அட அல்லாவே, எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்! திருநெல்வேலிக்காரர் கேட்டதையே கொச்சிக்காரர் கேட்டார், அவர் கேட்டதையே சென்னைக்காரர் கேட்டார். ஒரே பதிலை எத்தனை தடவைதான் எழுதுவது? பக்கத்தைத் திறந்து பார்த்தாள். 'தேதி: தேதியைக் குறிக்கும்' என்று ஒரு வரி. எந்தத் தேதி? கண்டெய்னர் வரும் தேதியா, கப்பல் ஏறும் தேதியா? அதற்குப் பதில் கிடையாது. 'நிலை: நிலையைத் தரும்' என்று இன்னொரு வரி. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

அந்தப் பக்கங்களை எழுதியவர் தேசிக். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். கரைவழி மென்பொருளை ஏறக்குறைய ஒற்றை ஆளாக நின்று கட்டியவர். கெட்டிக்காரர், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் தன் தலைக்குள் இருப்பதெல்லாம் ஊரார் தலைக்குள்ளும் இருக்கும் என்று நம்புகிற ஜாதி. அவர் எழுதியது தெரிந்தவனுக்குத் தேவைப்படாது, தெரியாதவனுக்குப் புரியாது. ஜஹ்ரா திருத்தங்களைக் கொண்டுபோய் நீட்டியபோது முதலில் முகத்தைச் சுளித்தார். கேள்விகள் குறையக் குறையச் சுளிப்பும் குறைந்தது. கடைசியில் டாகுமெண்டேஷனையே அவள் பொறுப்பில் விட்டுவிட்டார். விட்டார் என்றாலும், அவர் சரி சொல்லாமல் ஒரு பக்கமும் வெளியே போகாது.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதிய பக்கத்தைக் கணக்குப் பிரிவிலுள்ள பத்மஸ்ரீயிடம் கொடுத்து, "இதை மட்டும் பார்த்து ஒரு கண்டெய்னர் பதிவு பண்ணு" என்பாள். பத்மஸ்ரீக்குப் புரோகிராமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருப்பதைப் பார்த்துக் கட்டங்களை நிரப்பி, சோதனைக்கென்று தனியாக வைத்திருக்கும் டெஸ்ட் சர்வருக்கு அனுப்புவாள். அவள் எங்கே திணறினாலும் ஜஹ்ரா வாயைத் திறக்க மாட்டாள். "ஒரு வார்த்தை சொல்லேன்க்கா, கொலைகாரி" என்று பத்மஸ்ரீ கெஞ்சுவாள். எங்கே கெஞ்சுகிறாளோ அங்கே பக்கம் சரியில்லை என்று அர்த்தம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜூன் முதல் வாரத்தில் சிலுவையின் மெயில் வந்தது. மணப்பாட்டுக்காரன், தூத்துக்குடியில் சிவபாலன் என்பவரின் கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனியில் ஒரே புரோகிராமர். மெயில் நீளமாக இருந்தது. நாலு தடவை மன்னிப்புக் கேட்டிருந்தான். விஷயம் இதுதான். ஏப்ரலில், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் முன்பு, அவன் புரோகிராம் கரைவழியில் பதிவு செய்த கண்டெய்னர்கள் எல்லாம் இரட்டை இரட்டையாக வந்து நின்றன. ஒன்று கேட்ட இடத்தில் இரண்டு. கம்பெனி வாசலில் கண்டெய்னர்களை மின்சாரத்தில் செருக இடமில்லாமல், ரோட்டை அடைத்து லாரிகள் நிற்க, டிரைவர்கள் சிவபாலனை வாய்க்கு வந்தபடி ஏச, அக்கம்பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வேடிக்கை பார்க்க, ஒரே களேபரம். "புரோகிராம் சரின்னா நீ இருக்கலாம், தப்புன்னா தடைக்காலம் முடியுமுன்ன வேற எடம் பாத்துக்க" என்று சிவபாலன் சொல்லிவிட்டார். ஜூன் மத்தியில் தடை முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும். அதற்குள் தவறு எங்கே என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தான்.

ஜஹ்ரா பழைய மெயில்களைத் தேடினாள். ஏப்ரலில் சிவபாலன் கம்பெனியிலிருந்து ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். அஃப்ஸல் ஊருக்கு வந்திருந்ததால் அவள் லீவில் இருந்த சமயம். தேசிக்கே பதில் போட்டிருந்தார். 'எங்கள் மென்பொருள் சரியாக இயங்குகிறது. குறிப்பு எண் தரப்படவில்லை. தவறு உங்கள் புரோகிராமில்.' அவ்வளவுதான். அந்த மூன்று வரியைத்தான் சிவபாலன் பிரிண்ட் எடுத்து சிலுவையின் மேசையில் போட்டிருக்கிறார்.

அவள் சிலுவைக்குப் போன் போட்டாள்.

"ஒரே பதிவை ரெண்டு தடவை அனுப்பியிருக்கீங்களே, ஏன்?"

"உறுதிக்கு மேடம்" என்றான் அவன், இதென்ன கேள்வி என்பதுபோல.

"அப்படின்னா?"

"காலைல ஒருக்கா சொல்லணும், மத்தியானம் ஒருக்கா சொல்லணும்லா. ஹார்பர்ல ஒருக்கா சொன்னதுக்கு எவன் மேடம் வண்டி விடுதான்? ரெண்டாந்தரம் கூப்பிட்டுச் சொன்னாத்தான, ஆமா, இவுங்களுக்கு நெசமாவே வேணும்னு வண்டிய எடுப்பான்? எங்க அண்ணாச்சி இத்தன வருசமா போன்ல அப்படித்தான் செஞ்சிட்டு இருந்தாரு. அதத்தான் நான் புரோகிராம்ல எழுதுனேன்."

ஜஹ்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலியாக இல்லை. அவன் சொன்னது அப்பட்டமான உண்மை. தூத்துக்குடி லாரி செட்டுகளில் ஒரு தடவை சொன்ன ஆர்டர் சொன்னதாகவே சேர்த்தி கிடையாது. இரண்டாவது தடவை சொல்வது இன்னொரு வண்டிக்காக இல்லை என்பது அங்கே டீ வாங்கிவரும் ஆளுக்குக்கூடத் தெரியும். கரைவழி மென்பொருளுக்குத்தான் தெரியாது. அது பெங்களூரில் எங்கோ ஒரு சர்வரில் கிடக்கிறது, அதற்கு என்ன லாரி செட்டா தெரியும்?

"முதல்ல டெஸ்ட் பண்ணிப் பாக்கலையா?"

"பாத்தேன் மேடம், பாக்காம இருப்பனா? ரெண்டு தடவையும் 'ஏற்கப்பட்டது'ன்னுதான் வந்துச்சு. சரி, உறுதி ஆயிட்டுன்னு நெனச்சிட்டேன்."

"குறிப்பு எண் ஏன் கொடுக்கல?"

"விருப்பமிருந்தால்னு போட்டிருந்துச்சு" என்றான்.

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். இவ்வளவு நாளும் அவள் கை படாமல் கிடந்த பக்கம் அது. ஆங்கிலத்தில் ஒரே வரி: 'குறிப்பு எண்: எழுத்து அல்லது எண். விருப்பமிருந்தால்.' வேறு ஒன்றும் இல்லை. ஒரே குறிப்பு எண்ணோடு இரண்டு தடவை அனுப்பினால் அது ஒரே பதிவுதான் என்று மென்பொருள் புரிந்துகொள்ளும். எண் இல்லாமல் அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் புதுப் பதிவு. இந்த ஏற்பாட்டை தேசிக் நுட்பமாகத்தான் செய்துவைத்திருந்தார். செய்துவிட்டு ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டைக் கட்டிக் கதவும் வைத்து, சாவியைத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டதுபோல.

அவளுக்குக் கோபம் வந்தது, நல்ல கோபம். தேசிக் பேரில் பாதி, தன் பேரில் பாதி. ஒரு மனுஷன் வேலை போகப்போகிறதே என்று ரெண்டு மாதமாகச் சோறு இறங்காமல் கிடக்கிறான், காரணம் ஒரு வரி.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் புதுப் பக்கத்தை எழுதி முடித்தாள். ஒரே பதிவை மறுபடி அனுப்பினால் என்ன ஆகும், குறிப்பு எண் எதற்கு, அதைக் கொடுத்தால் எப்படி, கொடுக்காவிட்டால் எப்படி என்று உதாரணத்தோடு எழுதினாள். 'விருப்பமிருந்தால்' என்பதை எடுத்துவிட்டு, 'மறுபடி அனுப்பும் எண்ணம் இருந்தால் கட்டாயம் தரவேண்டும்' என்று போட்டாள். கடைசியில் இரண்டு வாக்கியம் சேர்த்தாள். 'இந்தப் பக்கம் இதுவரை இதைச் சொல்லவில்லை. பழைய பக்கத்தைப் பார்த்துப் புரோகிராம் எழுதியவர்கள்மீது தவறில்லை.'

தேசிக் படித்துக்கொண்டே வந்தார். "நன்னா இருக்கு, நன்னா இருக்கு" என்று தலையாட்டியவர் கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"இது என்ன ஜஹ்ரா?"

"உண்மை சார்."

"எந்தக் கம்பெனியாவது தன் டாகுமெண்டேஷன்ல இப்படி எழுதுமா? நாளைக்கு ஆளாளுக்குப் பழைய கதையைத் தூக்கிண்டு வருவான். பக்கத்தை மாத்தியாச்சு, இனிமே குழப்பம் வராது. அது போறாதா?"

"இனிமே வர்றவங்களுக்குப் போதும் சார். இப்ப வேலை போகப்போற ஆளுக்கு?"

"அவன் ஒரு வார்த்தை நம்மளைக் கேட்டிருக்கணும். ஒரே ரிக்வெஸ்டை எவனாவது ரெண்டு தடவை அனுப்புவானா? புரோகிராமருக்குன்னு ஒரு பொதுஅறிவு வேண்டாமா?"

ஜஹ்ரா வாதாடவில்லை. பத்மஸ்ரீயைக் கூப்பிட்டாள். பழைய பக்கத்தை அவள் முன்னால் திறந்துவைத்து, ஒரு கண்டெய்னர் பதிவு பண்ணச் சொன்னாள். தேசிக்கை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, "நீங்களும் பேசக்கூடாது சார்" என்றாள். அவருக்கு அது பெரிய தண்டனைதான்.

பத்மஸ்ரீ ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். துறைமுகம், தேதி, வெப்பநிலை. குறிப்பு எண் வந்தது. பக்கத்தைப் பார்த்தாள். "விருப்பமிருந்தால். எனக்கென்ன விருப்பம்?" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு அதைத் தாண்டிப் போனாள். தேசிக் நாற்காலியில் நெளிந்தார். ஜஹ்ரா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பத்மஸ்ரீ அனுப்பினாள். டெஸ்ட் சர்வர் எப்போதும்போல அசமந்தமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. பதிலைக் காணோம்.

"போயிடுச்சாக்கா?" என்று கேட்டாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. "சரிதான், ரெண்டு பேரும் ஊமையாயாச்சு" என்று அலுத்துக்கொண்டு இன்னொரு தடவை அனுப்பினாள்.

திரையில் இரண்டு பதிவுகள் வந்து நின்றன. இரண்டு கண்டெய்னர், இரண்டு லாரி.

தேசிக் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்மஸ்ரீக்குத் தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று பயம். "சார், நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?" என்று கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் தேசிக்கின் முகம் சுருங்கிப்போனது.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றார். எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதியத்துக்கு மேல் ஜஹ்ராவின் மேசைப்பக்கம் வந்தார்.

"அந்த வரியைப் போடுங்கோ. ஏப்ரல்ல சிவபாலனுக்கு நான் அனுப்பின மெயிலுக்கும் ஒரு திருத்தம் அனுப்பணும், அதை நானே எழுதறேன். உங்க பக்கத்துல 'மன்னிக்கவும்'னு மட்டும் எங்கேயும் போட வேண்டாம்."

"நான் மன்னிப்பே கேக்கலையே சார்."

"அதான், கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மனுஷனுக்கு அவ்வளவுதான் வளையத் தெரியும். அதற்கே அவருக்கு முதுகு வலித்திருக்கும்.

பக்கம் வெளியே போனது. ஜஹ்ரா அதன் லிங்கை சிலுவைக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆள் ஏற்கெனவே வேலையை விட்டு மணப்பாட்டுக்குப் போய்விட்டானோ என்று அவளுக்குப் பயம். போன் போட்டால் எடுக்கவில்லை. "கண்டவங்களுக்காகல்லாம் இப்படித் துடிச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று உம்மா ஏசினார். தடைக்காலம் முடிய இன்னும் சில நாளே இருந்தது. துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயின்ட் அடித்து முடித்து, ஐஸ் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது.

மூன்றாம் நாள் மதியம் போன் வந்தது. சிலுவையின் நம்பர். பேசியது வேறு குரல்.

"ஏம்மா, நீங்கதான் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில எழுதுத பிள்ளையா? நான் சிவபாலன் பேசுதேன்."

"ஆமா அண்ணாச்சி, சொல்லுங்க."

"உங்க ஐயரு எனக்கு ஒரு மெயிலு போட்டிருக்காரு. அதுல ஒரு பக்கத்தப் பாருங்கன்னு இருக்கு. எனக்கு இங்கிலீசு அம்புட்டுத் தூரம் வராது. இந்தப் பய தமிழ்ல சொல்லுதேங்கான். இவனுக்கு ஆக வேண்டிய காரியத்த இவனே சொன்னா நான் எப்படித் தாயி நம்புவேன்? அதான் உங்களக் கூப்பிட்டேன். ஸ்பீக்கர்ல போடுதேன். இவன் வாசிச்சுச் சொல்லட்டும். ஒண்ணு கூட்டியோ கொறச்சோ சொன்னாம்னா நீங்க நிப்பாட்டணும், என்ன?"

"சரி அண்ணாச்சி."

"ஏலே, வாசி."

சிலுவையின் குரல் தூரத்தில் கேட்டது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் சொன்னான். குறிப்பு எண் எதற்கு என்று சொன்னான். ஒரே பதிவை மறுபடி அனுப்பினால் என்ன ஆகும் என்று சொன்னான். ஜஹ்ரா தன் திரையில் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கூடவே வந்தாள். அவன் ஒரு சொல்லைக்கூடத் தனக்குச் சாதகமாகத் திருப்பவில்லை. சில இடத்தில் தேவைக்கு மேல் கவனமாக இருந்தான். "அப்போ ரெண்டாந்தரம் சொல்லுதது அதுக்குத் தெரியாதாலே?" என்று நடுவில் சிவபாலன் கேட்டார். "தெரியாது அண்ணாச்சி" என்றான். "கிறுக்கு மிஷினு" என்றார் அவர்.

"இந்தப் பக்கம் இதுவரைக்கும் இதச் சொல்லல" என்று சிலுவை வாசித்தான். அடுத்த வரியை ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். பாதியில் நின்றுவிட்டான்.

"என்னலே நிப்பாட்டிட்ட? வாசி."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்த வரியை ஜஹ்ராவே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது அவன் சொல்ல வேண்டியது என்று தோன்றியதால் பேசாமல் இருந்தாள்.

"பழைய பக்கத்தப் பாத்து" என்று ஆரம்பித்தான் சிலுவை. மறுபடி முதலிலிருந்து சொன்னான். "பழைய பக்கத்தப் பாத்து எழுதுனவங்க மேல தப்பு இல்ல."

பின்னால் எங்கேயோ ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"தாயி, இது அந்தப் பக்கத்துல இருக்கா? இல்ல இவனாச் சொல்லுதானா?"

"இருக்கு அண்ணாச்சி. நான்தான் எழுதினேன்."

"சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஜஹ்ரா காத்திருந்தாள். அவர் சிலுவையிடம் ஏதாவது சொல்வார், ரெண்டு மாதமாக ஏசியதற்கு ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று பார்த்தாள். போனை வைக்கவும் மறந்துவிட்டார்கள்போல, நாற்காலி இழுபடுவது கேட்டது.

"சாப்பிட்டியாலே?" என்றார் சிவபாலன்.

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

"எந்திரி. எங்கூட வா."